நாற்பது முறை ஒடிந்த கட்டை
(ஹோவர்ட் ஹெட் – வாழ்வும் பணியும்)

இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் துறை



டென்னிஸ் வீரர் ஜோகோவிச் பல கோப்பைகளை வென்ற மட்டையை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். அதில் 'ஹெட்' என்று எழுதியிருக்கும். தலை என்று அர்த்தம் வைத்துக்கொண்டு, நாமும் அதை ஒரு கம்பெனிப் பெயர் என்று நினைத்து விட்டுவிடுவோம். ஆனால் அது ஒரு மனிதரின் பெயர். ஹோவர்ட் ஹெட் என்ற அமெரிக்கப் பொறியாளரின் பெயர். அவர் முதலில் பேர் வாங்கியது டென்னிஸில் இல்லை, பனிமலையில். மலை உச்சியிலிருந்து பனியில் சறுக்கிக்கொண்டு வருகிறார்களே, காலில் நீளமாக ஒரு கட்டை மாட்டிக்கொண்டு, அந்தக் கட்டைக்குப் பெயர் ஸ்கீ. அந்த ஸ்கீயை மரத்திலிருந்து உலோகத்துக்கு மாற்றிக் காட்டியவர் இவர்.

பனியையே பார்க்காத நமக்கு இந்தக் கதை எதுக்கு என்று கேட்கலாம். நம் நாட்டிலும் காஷ்மீர் குல்மார்க்கிலும் உத்தராகண்ட் ஔலியிலும் ஸ்கீ விளையாட்டு உண்டு என்பது ஒரு பதில். நாம் மெட்டீரியல் ஸ்ட்ரெங்த் பேப்பரில் படிக்கிற வளைவு, முறுக்கு, அதிர்வு எல்லாம் இவர் வாழ்க்கையில் ஒவ்வொன்றாக வந்து இவரை அடித்துப் போட்டிருக்கிறது என்பது இன்னொரு பதில். எனக்கு இரண்டாவது பதில்தான் முக்கியம்.

எழுத்தாளராக வேண்டியவர்

ஹோவர்ட் ஹெட் 1914-ஆம் ஆண்டு ஜூலை 31-ஆம் தேதி அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்தில் பிறந்தார். அப்பா பல் மருத்துவர். வசதிக்குக் குறைவில்லை. புகழ்பெற்ற ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அவருக்கு எழுத்தாளர் ஆக வேண்டும் என்று ஆசை. ஆனால் எழுத்து வகுப்பில் மதிப்பெண் சரியாக வரவில்லை. பாதியில் பொறியியலுக்கு மாறினார். அங்கே நன்றாக வந்தது. 1936-இல் பட்டம் வாங்கினார்.

வாங்கியும் ஆசை விடவில்லை. பத்திரிகை, செய்திப்படம் என்று எழுத்து சம்பந்தப்பட்ட வேலைகளையே சுற்றி வந்தார். ஒன்றும் நிலைக்கவில்லை. அந்தச் சமயத்தில் ஒரு திறனறித் தேர்வு எழுதினார். ஒரு பொருளைப் பார்க்காமலேயே அதன் அமைப்பை மனதுக்குள் திருப்பித் திருப்பிப் பார்க்கும் திறமை இவருக்கு அதிகம் என்று அதில் தெரிந்தது. நாம் என்ஜினீயரிங் டிராயிங்கில் ஐசோமெட்ரிக் வியூ போடும்போது கண்ணை மூடி யோசிக்கிறோமே, அந்தத் திறமைதான்.

அதன்பிறகு பால்டிமோர் நகரத்தில் இருந்த கிளென் மார்ட்டின் விமானத் தொழிற்சாலையில் சேர்ந்தார். முதல் வேலை என்ன தெரியுமா? ரிவெட் அடிப்பது! ஹார்வர்ட் பட்டம் வாங்கியவர் விமானத்தின் அலுமினியத் தகட்டில் ரிவெட் அடித்துக்கொண்டு நின்றார். பிறகுதான் என்ஜினீயராக மேலே போனார்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். எங்க வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். லீவில் ஊருக்குப் போனால், காக்கி யூனிபார்மும் கையில் ஃபைல் போட்ட தழும்பும் பார்த்துவிட்டு, பட்டறையில் இரும்பு ராவுவதற்கா இவ்வளவு செலவு பண்ணிப் படிக்க வைக்கிறீங்க என்று அம்மாவிடம் கேட்பவர்கள் உண்டு. அம்மா பதில் சொல்ல மாட்டாங்க. ஹெட் நம்மைப் போல ஏழை வீட்டுப் பிள்ளை இல்லை. அதை மறைத்து எழுதக்கூடாது. ஆனால் அவர் சம்பாதித்ததெல்லாம் ஹார்வர்ட் சர்டிபிகேட்டால் வந்ததில்லை. அலுமினியத் தகடு எங்கே வளையும், எங்கே கிழியும் என்று அந்தத் தொழிற்சாலையில் கை தெரிந்துகொண்டதால் வந்தது.

ஸ்டோவ் மலையில் ஒரு எரிச்சல்

இரண்டாம் உலகப் போர் முடிந்தது. 1947-ஆம் ஆண்டு, வெர்மான்ட் மாநிலத்தில் ஸ்டோவ் என்னும் மலைக்கு ஹெட் முதன்முதலாக ஸ்கீ விளையாடப் போனார். வயது முப்பதைத் தாண்டிவிட்டது. விழுந்தார், எழுந்தார், மறுபடி விழுந்தார். பழகாத ஆள் விழத்தான் செய்வான். ஆனால் இவருடைய கோபம் தன் மேல் வரவில்லை, கட்டையின் மேல் வந்தது.

அந்தக் காலத்து ஸ்கீ ஹிக்கரி என்ற கெட்டியான மரத்தில் செய்தது. நீளம் இரண்டு மீட்டருக்கு மேல். கையைத் தலைக்கு மேல் தூக்கினால் மணிக்கட்டு வரை வர வேண்டும் என்பது அன்றைய அளவுக் கணக்கு. விமானமே மரத்தையும் துணியையும் விட்டு அலுமினியத்துக்கு வந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, இந்தக் கட்டை மட்டும் ஏன் இன்னும் மரத்தில் இருக்கிறது என்று அவருக்குத் தோன்றியது. ஊர் திரும்பும் ரயிலிலேயே, விமானப் பொருட்களை வைத்து இதைவிட நல்ல கட்டை செய்துவிடலாம் என்று கூட வந்தவரிடம் சொன்னாராம்.

சொல்வது சுலபம்தானே! அவருக்கு முன்பும் உலோகத்தில் ஸ்கீ முயன்றவர்கள் இருந்தார்கள். யாருக்கும் நிலையான வெற்றி கிடைக்கவில்லை. ஏன் என்று புரிய வேண்டுமானால் முதலில் பனியைப் பற்றிப் புரிந்துகொள்ள வேண்டும்.

பனி என்றால் ஒரே பனியா?

நாம் பனி என்றால் வெள்ளையாக ஒன்று என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. நேற்று ராத்திரி விழுந்த புதுப்பனி அரிசிமாவு மாதிரி இருக்கும். காலை வைத்தால் இடுப்பு வரை இறங்கிவிடும். எந்திரம் வைத்து அழுத்திச் சமன் செய்த சரிவு, தார் ரோடு மாதிரி இருக்கும். பகலில் உருகி ராத்திரி உறைந்தால் பனிக்கட்டிப் பாறை, கத்திதான் பிடிக்கும். சில நாள் மேலே மட்டும் உறைந்து அப்பளம் போல ஒரு ஓடு நிற்கும், கீழே மாவு. கால் வைத்தால் உடைந்து உள்ளே போகும். வசந்த காலத்தில் மதியத்துக்கு மேல் கஞ்சி மாதிரி ஆகிவிடும். பலர் ஒரே இடத்தில் திரும்பித் திரும்பிச் சறுக்கினால் சரிவு முழுக்க ஆளுயர மேடுகள் கூட உண்டாகும். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று நம் பெரியவர்கள் சொன்னது இந்த விளையாட்டுக்கு ரொம்பப் பொருந்தும்.

என் அப்பா கூலிக்கு டிராக்டர் ஓட்டுகிறவர். நடவுக்குச் சேற்றில் இறங்கினால் இரும்புக் கேஜ் வீல் மாட்டுவார். அகலமாக இருந்து சேற்றில் புதையாமல் தாங்கும். வேலை முடிந்து ரோட்டுக்கு வந்தால் கழற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் ரோடும் பெயரும், வண்டியும் அதிரும். ஒரே டிராக்டர், ஆனால் நிலத்துக்கு ஏற்ற சக்கரம். ஸ்கீயும் இதே கணக்குதான்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். 70 கிலோ எடையுள்ள ஒருவர் சாதாரண ஷூவில் நிற்கிறார். ஒரு ஷூவின் அடிப்பரப்பு 250 சதுர சென்டிமீட்டர் என்று வைத்தால் இரண்டுக்கும் 500. சதுர சென்டிமீட்டருக்கு 140 கிராம் அழுத்தம். அவரே 200 செ.மீ. நீளம், 8 செ.மீ. அகலம் உள்ள இரண்டு ஸ்கீயில் நின்றால் பரப்பு 3,200 சதுர செ.மீ. அழுத்தம் சுமார் 22 கிராம்தான். ஆறில் ஒரு பங்குக்கும் குறைவு! அதனால்தான் மாவுப்பனியில் மூழ்காமல் மிதக்கிறார்.

அப்படியானால் இன்னும் அகலமாகச் செய்துவிட்டால் போகிறது என்று நினைக்கலாம். அங்கேதான் சிக்கல். பனிக்கட்டிச் சரிவில் மிதக்கத் தேவையில்லை. அங்கே கட்டையின் ஓரம் கத்தி மாதிரி பதிய வேண்டும். அகலக் கட்டையைச் சாய்த்து ஓரத்தைப் பதிக்கக் காலுக்கு அதிக பலமும் நேரமும் வேண்டும். ஆக, மாவுப்பனி கேட்பது அகலமும் இளக்கமும். பனிக்கட்டி கேட்பது ஒடுக்கமும் விறைப்பும். இரண்டையும் ஒரே கட்டையில் எப்படிக் கொண்டுவருவது? ஸ்கீ செய்கிறவர்கள் எல்லோரும் முட்டிக்கொண்ட சுவர் இதுதான்.

மரக்கட்டையின் கதை

ஹெட்டுக்கு முன்பே பெரியவர்கள் இரண்டு நல்ல வேலைகளைச் செய்து வைத்திருந்தார்கள். நார்வே நாட்டில் டெலிமார்க் பகுதியைச் சேர்ந்த சோன்ட்ரே நோர்ஹெய்ம் (1825–1897) நடுவில் இடுப்பு ஒடுங்கிய கட்டையைப் பிரபலப்படுத்தினார். முன்னும் பின்னும் அகலம், நடுவில் ஒடுக்கம். சாய்த்தால் அந்த வளைந்த ஓரத்தின் வழியே கட்டை தானாகத் திரும்பும். அடுத்து ஆஸ்திரியாவில் சால்ஸ்பர்க்கைச் சேர்ந்த ருடால்ஃப் லெட்னர் 1926-இல் மரக்கட்டையின் ஓரத்தில் எஃகுப் பட்டை பதிக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். பனிக்கட்டியில் பிடிமானம் கிடைத்தது.

ஆனாலும் மரம் மரம்தான். ஈரம் குடித்தால் உப்பும், முறுக்கிக்கொள்ளும். ஒரே மரத்தில் அறுத்த இரண்டு கட்டை கூட ஒரே மாதிரி வளையாது. இடது கால் ஒரு மாதிரி, வலது கால் ஒரு மாதிரி போகும். எல்லாவற்றுக்கும் மேலாக, மரத்தில் முறுக்கு விறைப்பு வேண்டுமென்றால் தடிமனாக்க வேண்டும். தடிமனாக்கினால் வளைவு விறைப்பும் கூடிவிடும். பீமின் தடிமன் இரண்டு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்கு என்று நாம் படிக்கிறோமே, அது. நீளவாக்கில் வில் மாதிரி வளைய வேண்டும், ஆனால் ஈரத்துணி பிழிவது மாதிரி முறுகக்கூடாது. மரத்தால் இரண்டையும் ஒன்றாகத் தர முடியவில்லை.

ஹெட்டுக்கு விமான இறக்கை ஞாபகம் வந்தது. மேலே ஒரு மெல்லிய அலுமினியத் தகடு, கீழே ஒரு தகடு, நடுவில் லேசான பொருள். சாண்ட்விச் மாதிரி. இழுவிசையையும் அமுக்குவிசையையும் தகடுகள் வாங்கிக்கொள்ளும். நடுப்பொருள் அவற்றைத் தள்ளி வைத்திருந்தால் போதும். ஐ-பீமின் தத்துவமேதான். அலுமினியத்தின் அடர்த்தி 2.7, எஃகுக்கு 7.8. எடையும் குறையும்.

சீட்டாட்டப் பணமும் பழைய எண்ணெயும்

ஹெட்டிடம் முதலீடு என்று இருந்தது சுமார் 6,000 டாலர். எப்படி வந்த பணம்? சீட்டாட்டத்தில் ஜெயித்தது! (நண்பர்களே, இதை மட்டும் யாரும் பின்பற்ற வேண்டாம்.) பால்டிமோரில் ஒரு சந்துக்குள் இடம் பிடித்துப் பட்டறை போட்டார். 1948 தொடக்கத்தில் விமானக் கம்பெனி வேலையையும் விட்டுவிட்டார்.

தகடுகளையும் நடுப்பொருளையும் ஒட்டுவதற்குச் சூடும் வேண்டும், சீரான அழுத்தமும் வேண்டும். பெரிய பிரஸ் வாங்கப் பணமில்லை. அவர் என்ன செய்தார்? அடுக்கிய கட்டையை ரப்பர் உறைக்குள் போட்டு, உள்ளே இருந்த காற்றை உறிஞ்சி எடுத்தார். வெளிக்காற்றின் அழுத்தமே நாலாபக்கமும் சமமாக அமுக்கியது. அப்படியே அதைத் தொட்டியில் காய்ச்சிய பழைய என்ஜின் எண்ணெயில் முக்கினார். சூடு கிடைத்தது. நாற்றத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்! ஆனால் வேலை நடந்தது. இல்லாததை வைத்துச் செய்வது என்று நம் ஒர்க்‌ஷாப் இன்ஸ்ட்ரக்டர்கள் சொல்வார்களே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

முதல் கட்டைகளின் நடுவில் தேன்கூடு போன்ற அறை அறையான பொருளை வைத்தார். ஆறு ஜோடி தயார் செய்து ஸ்டோவ் மலைக்கு எடுத்துக்கொண்டு போனார். அங்கே ஸ்கீ கற்றுக்கொடுக்கும் ஆசிரியர்களிடம் கொடுத்தார். ஒருவர் கையில் வாங்கி வளைத்துப் பார்த்தார். ஒடிந்தது. அடுத்ததைக் காலில் மாட்டினார்கள். அதுவும் ஒடிந்தது. ஆறு ஜோடியும் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்விட்டது!

நாற்பது அரியர்

நமக்கு ஒரு பேப்பரில் அரியர் விழுந்தாலே சாப்பாடு இறங்காது. ஹெட் மூன்று குளிர்காலத்தில் சுமார் நாற்பது வடிவமைப்புகளை மாற்றினார். செய்வார், மலைக்கு அனுப்புவார், ஒடிந்து திரும்பி வரும். கையிருப்பும் கரைந்துகொண்டே வந்தது.

ஆனால் ஒன்று கவனியுங்கள். ஒடிந்த கட்டையைக் குப்பையில் போடவில்லை. எங்கே ஒடிந்தது, ஏன் ஒடிந்தது என்று பார்த்தார். நம் லேபில் யு.டி.எம். மெஷினில் கம்பியை இழுத்து, அறுந்த முனையைப் பார்த்து கப்-அண்ட்-கோன் என்று ரெக்கார்டு நோட்டில் எழுதுகிறோம். அவருக்கு மலையே டெஸ்டிங் மெஷின். அப்படிப் பார்த்துப் பார்த்து மூன்று பெரிய மாற்றங்களுக்கு வந்தார்.

முதலாவது, நடுப்பகுதி. விமான இறக்கைக்குத் தேன்கூடு சரி. ஆனால் ஸ்கீ கல்லில் மோதும், மேட்டில் குதிக்கும், காலணி மாட்டும் திருகுகள் அதில் இறங்க வேண்டும். அந்த அடியைத் தேன்கூடு தாங்கவில்லை. அதனால் ஒட்டுப்பலகை வைத்தார். மரத்தை ஒழிக்கக் கிளம்பியவர் மரத்தையே உள்ளே கொண்டுவந்து உட்கார வைத்தார்! அறிவு என்பது பிடிவாதம் இல்லை என்பதற்கு இதுதான் அடையாளம்.

இரண்டாவது, அடிப்பகுதி. அலுமினியத்தின் அடியில் பனி ஒட்டிக்கொண்டது. சறுக்க வேண்டிய கட்டை பிரேக் போட்டது. அடியில் ஒரு பிளாஸ்டிக் படலத்தைப் பதித்தார். வழுக்கியது.

மூன்றாவது, ஓரம். பனிக்கட்டியில் ஓரம் சீக்கிரம் மழுங்கியது. எஃகு ஓரம் பதித்தார். எழுதும்போது ஒரு வரி. ஆனால் அலுமினியம், எஃகு, மரம், பிளாஸ்டிக் நாலும் நாலு விதமாகச் சூட்டில் விரியும். நாலையும் ஒன்றாக ஒட்டி, பிரியாமல், உறைபனிக் குளிரில் வில் மாதிரி ஆயிரம் தடவை வளையச் செய்ய வேண்டும். அதற்குத்தான் மூன்று வருஷம்.

1950-ஆம் ஆண்டு வசந்த காலம். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் வாஷிங்டன் மலையின் டக்கர்மன் பள்ளத்தாக்கு. செங்குத்தான இடம். கிளிஃப் டெய்லர் என்னும் தேர்ந்த ஸ்கீ ஆசிரியர் புதுக் கட்டையை மாட்டிக்கொண்டு மேலிருந்து இறங்கினார். ஹெட் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இந்தத் தடவை ஒடியவில்லை. வளைவு வளைவாகச் சறுக்கிக்கொண்டு அவர் காலடியில் வந்து நின்றார் டெய்லர். அன்றைக்குத்தான் ஹெட் அரியரை கிளியர் செய்தார் என்று சொல்ல வேண்டும்.

ஏமாற்றுக்காரக் கட்டை

அந்த ஸ்கீக்கு 'ஹெட் ஸ்டாண்டர்ட்' என்று பெயர். கறுப்பு நிறம். விலை அதிகம்தான். ஆனாலும் ஆட்கள் தேடி வந்து வாங்கினார்கள். காரணம், அது சுலபமாகத் திரும்பியது. முறுக்கு விறைப்பு இருந்ததால் ஓரம் முழுக்க ஒரே சீராகப் பதிந்தது. நீளவாக்கில் இளக்கம் இருந்ததால் கஞ்சிப்பனியிலும் மாவுப்பனியிலும் மூக்கு குத்திக்கொண்டு நிற்கவில்லை. நேற்றுக் கற்றுக்கொண்டவர் கூடப் பல வருஷம் பழகியவர் போலத் திரும்பினார். பழைய ஆட்களுக்குப் பொறுக்குமா? இது ஏமாற்று வேலை என்று, அந்தக் கட்டைக்கு 'சீட்டர்' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். கேலியாக வைத்த பெயரே விளம்பரமாகிவிட்டது! 1960-களில் அமெரிக்காவில் ஸ்கீ விற்பனையில் முன்னணியில் நின்றது ஹெட் கம்பெனி.

ஆனால் பந்தய வீரர்கள் உடனே வரவில்லை. அதற்கும் காரணம் உண்டு. பந்தயச் சரிவு பனிக்கட்டி மாதிரி கெட்டியாக இருக்கும். அதில் வேகமாகப் போகும்போது உலோகக் கட்டை படபடவென்று அதிர்ந்தது. அதிர்ந்தால் ஓரம் பனியை விட்டு எழும்பும், பிடிமானம் போகும். மரம் இயல்பாகவே அதிர்வை விழுங்கும். உலோகம் மணி அடித்தது மாதிரி ஒலித்துக்கொண்டே இருக்கும். ஆக, ஹெட் ஸ்டாண்டர்ட் எல்லாப் பனிக்கும் ஓரளவு பொருந்தியது, பந்தயப் பனிக்கு மட்டும் பொருந்தவில்லை.

ஹெட் என்ன செய்தார்? ஒரே கட்டை எல்லோருக்கும் என்ற எண்ணத்தை விட்டார். அடுக்குகளுக்கு நடுவில் ரப்பர் படலம் வைத்து அதிர்வை அடக்கினார். அது 'காம்பெடிஷன்' என்னும் பந்தயக் கட்டை. ஆழமான மாவுப்பனிக்கென்று ரொம்ப இளக்கமாக 'டீப் பவுடர்' என்று தனிக் கட்டை செய்தார். எந்தப் பனிக்கு எந்தக் கட்டை என்று வாங்குகிறவர் கேட்க ஆரம்பித்தது இந்தக் காலத்தில்தான். இதற்கிடையில் 1960-ஆம் ஆண்டு ஸ்க்வா வேலி ஒலிம்பிக்கில் பிரான்ஸ் வீரர் ஜான் வுவார்னே உலோக ஸ்கீயில் இறங்கித் தங்கம் வாங்கினார். அது ரோசிஞோல் என்ற பிரெஞ்சுக் கம்பெனியின் கட்டை. உலோகத்தால் பந்தயம் ஜெயிக்க முடியும் என்று உலகம் ஒத்துக்கொண்டது.

விட்ட இடம்

பெரியவர்கள் வாழ்க்கையை எழுதும்போது வெற்றியை மட்டும் எழுதினால் போதாது. 1960 வாக்கில் கண்ணாடி இழை ஸ்கீ வந்தது. ஆஸ்திரியாவின் க்னைஸில் கம்பெனி செய்த 'ஒயிட் ஸ்டார்' அதில் பேர் பெற்றது. கண்ணாடி இழையை எந்தத் திசையில் அடுக்குகிறோமோ அந்தத் திசைக்குப் பலம் கொடுக்கலாம். வளைவு விறைப்பு தனி, முறுக்கு விறைப்பு தனி என்று இஷ்டப்படி அமைக்கலாம். அதிர்வும் குறைவு. நிறமும் பல நிறம்.

மரத்தை விட்டு வர மறுத்தவர்களைப் பார்த்து எந்த மனிதர் கேள்வி கேட்டாரோ, அவரே இப்போது உலோகத்தைச் சீக்கிரம் விட்டு வரவில்லை. தான் பெற்ற பிள்ளை மேல் பாசம்! கம்பெனி கண்ணாடி இழைக்கு வந்து சேர்வதற்குள் மற்றவர்கள் முந்திக்கொண்டார்கள். 1969-இல் கம்பெனியை ஏ.எம்.எஃப். நிறுவனத்துக்கு விற்றுவிட்டார். விலை சுமார் 1 கோடியே 60 லட்சம் டாலர். பணத்துக்குக் குறைவில்லை. ஆனால் புதியதைக் கொண்டு வந்தவனே ஒருநாள் பழையவன் ஆகிவிடுவான் என்ற பாடம் இதில் இருக்கிறது. இன்று நாம் படிக்கிற எந்திரமும் நாளைக்குப் பழையதாகலாம். படிப்பை டிப்ளமோவோடு நிறுத்திக்கொள்ளக்கூடாது என்று நான் எடுத்துக்கொண்டேன்.

இரண்டாவது இன்னிங்ஸ்

ஓய்வெடுக்கலாம் என்று டென்னிஸ் ஆடப் போனார். அதிலும் சுமாராகத்தான் வந்தது. பயிற்சிக்குப் பந்து எறியும் எந்திரம் ஒன்று வாங்கினார். பிரின்ஸ் என்ற சின்னக் கம்பெனியுடையது. அது சரியாக வேலை செய்யாததால் அதைத் திருத்தப் போய், அந்தக் கம்பெனியிலேயே பங்கு வாங்கித் தலைவரும் ஆகிவிட்டார்! பிறகு மட்டையைக் கையில் எடுத்தார். பந்து நடுவில் படாமல் ஓரத்தில் பட்டால் மட்டை கைக்குள் சுழல்கிறது. ஏன்? முறுக்கு. மறுபடி அதே பழைய எதிரி! மட்டையின் தலையை அகலமாக்கினால் எடை அச்சிலிருந்து தள்ளிப் போகும்; நிலைமத் திருப்புத்திறன் தூரத்தின் இருமடியாகக் கூடும்; சுழலாது. பழைய மட்டையின் பரப்பு 70 சதுர அங்குலம் போல. இவர் செய்தது 110. காப்புரிமை 1976-இல் கிடைத்தது. இதையும் முதலில் சிரித்தார்கள். 1978 அமெரிக்க ஓப்பன் இறுதிப் போட்டிக்கு 16 வயதுப் பெண் பாம் ஷ்ரைவர் அந்தப் பெரிய மட்டையோடு வந்து நின்றபோது சிரிப்பு நின்றது. 1982-இல் பிரின்ஸ் கம்பெனி 6 கோடியே 20 லட்சம் டாலருக்கு விலை போனது.

ஹோவர்ட் ஹெட் 1991-ஆம் ஆண்டு மார்ச் 3-ஆம் தேதி பால்டிமோரில் காலமானார். அவருடைய குறிப்பேடுகளும் கடிதங்களும் வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

இன்று எந்தப் பனிக்கு எந்தக் கட்டை?

அவர் போட்ட விதை இன்று எப்படி வளர்ந்திருக்கிறது என்று பார்த்துவிடுவோம். குல்மார்க் போகும் வாய்ப்பு நம்மில் யாருக்காவது கிடைத்தால் உதவும்!

ஸ்கீ வாங்குகிறவர் முதலில் பார்ப்பது இடுப்பு அகலம், அதாவது நடுப்பகுதியின் அகலம். அழுத்திச் சமன் செய்த கெட்டிச் சரிவுக்கு 65 முதல் 80 மில்லிமீட்டர் வரை. ஓரம் சீக்கிரம் பதியும், சட்டென்று திரும்பும். பாதி நாள் சரிவிலும் பாதி நாள் வெளியிலும் போகிறவர்களுக்கு 80 முதல் 95 வரை. ஆழமான மாவுப்பனிக்கு 100-க்கு மேல். மேடும் பள்ளமுமான சரிவுக்கு ஒடுக்கமான, முனை இளக்கமான கட்டை. விறைப்பாக இருந்தால் ஒவ்வொரு மேட்டிலும் ஆளைத் தூக்கி எறியும்.

அடுத்தது, நிற்கும் வளைவு. தரையில் வைத்தால் நடுப்பகுதி வில் மாதிரி எழும்பி நிற்கும் கட்டை, கெட்டிச் சரிவுக்கு நல்லது. ஆள் ஏறி நின்றதும் எடை முனை வரைக்கும் பரவி ஓரம் முழுக்கக் கடிக்கும். முனை முன்கூட்டியே படகு மாதிரி மேலே வளைந்த கட்டை மாவுப்பனிக்கு நல்லது; மூக்கு புதையாமல் மேலே வரும்.

மூன்றாவது, நீளம். கை தூக்கி அளந்த காலம் போய்விட்டது. 1993-இல் எலான் கம்பெனி இடுப்பு நன்றாக ஒடுங்கிய கட்டையைக் கொண்டு வந்த பிறகு ஸ்கீயின் நீளம் மளமளவென்று குறைந்தது. இன்று பெரும்பாலும் மோவாய்க்கும் நெற்றிக்கும் நடுவில் இருந்தால் போதும். புதிதாகக் கற்பவர் குட்டையாகவும் இளக்கமாகவும் எடுக்க வேண்டும். டக்கர்மன் பள்ளத்தாக்கில் இறங்கிய அதே கிளிஃப் டெய்லர்தான் பின்னாளில் குட்டைக் கட்டையில் கற்றுக்கொடுக்கும் முறையைப் பரப்பினார். பந்தயத்தில் கூட, அடிக்கடி திரும்ப வேண்டிய ஸ்லாலம் போட்டிக்கு ஆண்கள் 165 செ.மீ. கட்டையை மாட்டுகிறார்கள், நேராகப் பாய்ந்து இறங்கும் டவுன்ஹில் போட்டிக்கு 218 செ.மீ. ஒரே மலை, ஒரே வீரர், ஆனால் கட்டை வேறு.

கடைசியாக ஒரு சந்தோஷமான செய்தி. இன்றைய நல்ல பந்தயக் கட்டை ஒன்றைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால் உள்ளே என்ன இருக்கும்? நடுவில் மரம். மேலும் கீழும் அலுமினியக் கலப்புலோகத் தகடு. ஊடே கண்ணாடி இழை, அதிர்வை அடக்க ரப்பர். அடியில் பிளாஸ்டிக். ஓரத்தில் எஃகு. மரம் ஜெயிக்கவில்லை, உலோகம் ஜெயிக்கவில்லை, கண்ணாடி இழையும் மற்றவற்றைத் துரத்தவில்லை. எல்லாம் அதனதன் இடத்தில் அதனதன் வேலையைச் செய்கின்றன. சந்துப் பட்டறையில் பழைய எண்ணெய்க்குள் ஹெட் முக்கி எடுத்த அடுக்கு வரிசை, கண்ணாடி இழையைச் சேர்த்துக்கொண்டு இன்னும் உயிரோடு இருக்கிறது.

நண்பர்களே! எந்தத் தரைக்கும் பொருந்தும் கட்டை என்று ஒன்று கிடையாது. தரையைப் பார்த்துத்தான் கட்டையை எடுக்க வேண்டும். நமக்கு முன்னால் இருக்கும் சரிவு பெரிய கல்லூரி மாணவர்களின் சரிவு இல்லை; அவர்கள் கட்டையை இரவல் வாங்கி நாம் இறங்க முடியாது. நம் கையில் இருப்பது ஃபைலும் வெர்னியரும் ஒடிந்ததை எடுத்துப் பார்க்கும் பொறுமையும். ரிவெட் அடித்த கையால்தான் ஹோவர்ட் ஹெட் அந்தக் கட்டையைச் செய்தார். ஒர்க்‌ஷாப் வேலை கேவலம் என்று இனி யாராவது சொன்னால், கோபப்படாமல் இவர் கதையைச் சொல்லுங்கள்.